மேய்ச்சல் தரையின் சூடும் ஈரமும்

கும்பப்பூ அறுவடை முடிந்து, ஏலாக்களிலிருந்து வைக்கோலும் வாரப்பட்ட பின்னர், நாஞ்சில் நாட்டுக் கால்நடைகளுக்கு எஞ்சியிருப்பவை அறுத்த தாளும், வரப்புப் புல்லும், குளத்தங்கரைப் புறம்போக்குகளும், பொற்றை அடிவாரத்துத் தரிசுகளுமே. தாளும் வரப்பும் சில நாட்களில் தீர்ந்துபோகும். அதன்பின் இடவப்பாதி மழை பிடிக்கும் வரையில் ஊர் மாடு முழுதும் புறம்போக்கிலேயே நிற்கும். அக்காலத்தில் தோவாளைத் தாலூகாவிலாவது, அகஸ்தீஸ்வரம் தாலூகாவின் வறண்ட பகுதிகளிலாவது உள்ள ஒரு மேய்ச்சல் தரையில் உச்சிப்பொழுதில் செருப்பின்றி நடப்பவர், வேலியோரத்தில் மாட்டுக்கு எட்டாத புல்லின்மேல் கால் வைப்பதற்கும், அதற்கு வெளியே வெறுந்தரையில் கால் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதத்தினாலேயே அறிவர். இரண்டும் ஒரே மண், ஒரே வெயில், இடையே உள்ளது இரண்டடி தூரம்.

இந்த வித்தியாசத்தைக் குறித்துக் கிராமங்களில் இருவிதமான அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. ஆடும் மாடும் பூமியைக் கெடுத்துவிட்டன, ஆதலால் அவற்றைப் புறம்போக்கிலிருந்து அறவே விலக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. புல் உள்ளதே மேய்வதற்குத்தான், அதை மேய்வதால் மண்ணுக்கு என்ன குறைந்துவிடும் என்பது மற்றொன்று. முந்தியதைச் சொல்பவர் பெரும்பாலும் மாடு வைத்திராதவர். பிந்தியதைச் சொல்பவர் பெரும்பாலும் காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டபின் அந்தி வரையில் அது நிற்குமிடத்தைப் போய்ப் பாராதவர். இரண்டு அபிப்பிராயங்களும் சரியானவை அல்ல. கேடு மாட்டினிடத்தில் இல்லை; ஒரே தரையில் அது எவ்வளவு காலம், எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

வெயிலினால் தரைக்கு வரும் உஷ்ணத்தில் ஒரு பங்கு திரும்ப ஆகாயத்துக்கே போய்விடுகிறது. மிஞ்சியதில் ஒரு பகுதி காற்றைச் சூடாக்கும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். மற்றொரு பகுதி ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகும். இம்மூன்றாவது செலவு சாதாரணமாய் நினைப்பதைக் காட்டிலும் மிகப் பெரியது. ஒரு பானை ஜலத்தைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டிய உஷ்ணத்தைப்போல் ஏழெட்டு மடங்கு உஷ்ணம், அந்த ஜலம் முழுதையும் வற்றச் செய்வதற்கு வேண்டும். அடுப்பில் வைத்து வற்றவைப்பதற்கு எவ்வளவு விறகு செல்லும் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பசும்புல் மூடிய தரையில், வேர் உறிஞ்சிய ஜலம் இலை வழியே ஆவியாய்ப் போகும்போது வெயிலின் சூட்டில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அன்றியும் இலையின் நிழலும், அடியில் கிடக்கும் சருகும், மண்ணுக்கு ஒரு போர்வைபோல் உதவுகின்றன. புல் போய்விட்டால் மேல்மண் இரண்டொரு நாளில் உலரும். உலர்ந்தபின் ஆவியாவதற்கு ஒன்றும் இல்லாமையால் வெயில் முழுதும் சூடாகவே நிற்கும். நிழலில் காற்றின் உஷ்ணம் 33, 34 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருக்கும் நாளிலேயே உலர்ந்த வெறுந்தரையின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் ஏறுவது வெப்ப நாடுகளில் சகஜம். இரவிலோ, அதே வெறுந்தரை போர்வையற்றிருப்பதால் விரைவில் குளிர்ந்துவிடும். இவ்வாறு பகலில் காய்ந்து இரவில் குளிரும் மண்ணில் நாங்கூழ் மேலே தங்குவதில்லை. விழுந்த புல்விதை முளைத்தாலும் முளை கருகிப்போகிறது.

இதைக் காண மேய்ச்சல் தரை வரையில் போகவும் வேண்டியதில்லை. தென்னந்தோப்பிலோ விளையிலோ முளையடித்துக் கட்டிய மாட்டைச் சுற்றிலும் கயிற்றின் நீளத்துக்கு ஒரு வட்டம் விழுவதை யாவரும் கண்டிருப்பர். முதல் நாள் வட்டத்தில் புல் குறையும். மூன்றாம் நாள் தரை தெரியும். அதற்கு மேலும் முளையை மாற்றாமல் இருந்தால் வட்டத்தின் மண் களம்போல் இறுகி வெளுக்கும். முளையை நாள்தோறும் நாலு முழம் தள்ளி அடிப்பவருடைய தோப்பில் இந்த வட்டம் விழுவதில்லை. மாடு மேய்ந்த புல்லின் கணக்கோ இரண்டிலும் ஒன்றே. புறம்போக்கு என்பது முளையை மாற்றாமல் விட்ட பெரியதொரு வட்டம்.

சூட்டைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது குளம்பின் மிதி. நின்றிருக்கும் மாட்டின் நாலு குளம்பும் தரையோடு பொருந்தும் இடம் மிகச் சிறியதாகையால், அம்மாடு தரைக்குக் கொடுக்கும் அழுத்தம் டிராக்டர் சக்கரத்தின் அழுத்தத்துக்குக் குறைந்ததன்று. நடக்கும்போது பாரம் இரண்டு மூன்று காலின்மேல் விழுவதால் அது இன்னும் அதிகம். இந்த அழுத்தம் ஆழமாய்ப் போவதில்லை; மேலுள்ள மூன்று நாலு அங்குலத்தையே பாதிக்கிறது. ஆனால் மழை உள்ளே இறங்கும் வாசல் அந்த மூன்று நாலு அங்குலத்தில்தான் இருக்கிறது. உலர்ந்த தரையில் மிதி அதிகக் கெடுதி செய்யாது. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, முக்கியமாய்க் களிப்பான தரையில், அதே மிதி மண்ணின் துவாரங்களை எல்லாம் மூடிப் பிசைந்துவிடும். அதன்மேல் மழைத்துளி நேரே விழுந்து அடிக்க, மேற்பரப்பில் மெல்லிய ஓடுபோல் ஒன்று படியும். பிறகு பெய்யும் மழை இறங்க வழியின்றி ஓடத் தொடங்கும்.

ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் பெய்யும் மழை சுமார் 100 டன் ஜலத்துக்குச் சமானம். அதில் பாதி ஓடிவிட்டால் 50 டன் ஜலத்தை அந்த ஏக்கர் ஒரே மழையில் இழந்ததாகும். இழந்த ஜலத்துக்குப் பின்னால் எவ்வளவு நிழல் தந்தாலும், எவ்வளவு ஆவியைத் தடுத்தாலும், அது திரும்பி வராது. ஆகையால் மேய்ச்சல் தரையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரம் எவ்வளவு விரைவில் போகிறது என்பதன்று. மழை உள்ளே இறங்கிற்றா என்பதே.

ஓடினால் என்ன, குளத்துக்குத்தானே போகிறது என்று ஆயக்கட்டுதாரர் சிலர் சொல்லக்கூடும். கோதையாற்றுப் பாசனத்தில், 1906-ம் ஆண்டில் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்து தோவாளைச் சானலாலும் அனந்தனார் சானலாலும் ஜலம் பெறும் குளங்கள், மேய்ச்சல் தரையில் ஓடிவரும் ஜலத்தை நம்பி இருப்பவை அல்ல. அந்த ஓட்டத்தினால் அவற்றுக்கு முக்கியமாய்க் கிடைப்பது வண்டலும் மணலும்தான். மானாவாரிக் குளங்களுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும்; அங்கும் மண்ணோடு வரும் ஜலம் குளத்தின் கொள்ளளவைத் தானே குறைத்துக்கொண்டு வருகிறது.

இனி, அனுபவமுள்ள விவசாயிகள் எழுப்பும் மற்றொரு ஆட்சேபம் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. புல்தானே ஜலத்தைக் குடிக்கிறது. மாடு புல்லைக் குறைத்துவிட்டால் மண்ணில் ஈரம் மிஞ்சுமே என்பர். இது உண்மையே. இலை குறைந்தால் இலை வழியாய்ப் போகும் ஜலம் குறையும். மேயாமல் விட்டு முழங்காலளவு வளர்ந்த புல்லின் கீழ், ஓரளவு மேய்ந்த தரையைக் காட்டிலும் அடிமண் உலர்ந்திருப்பது பல நாடுகளில் அளந்து கண்டறியப்பட்டிருக்கிறது. வெறுந்தரையிலும்கூட, மேலே இரண்டு அங்குலம் புழுதியாய்க் காய்ந்துவிட்டால், அப்புழுதி கீழிருக்கும் ஈரத்தைக் காக்கும். கோடை உழவின் பயன்களில் அதுவும் ஒன்று. ஆகவே மேய்ச்சலே ஈரத்துக்குப் பகை என்று சொல்வது தவறு. ஆனால் இந்த ஆட்சேபத்தில் இரண்டு விஷயங்கள் மறக்கப்படுகின்றன. உழுத புழுதிக்குள் மழை இறங்கும். மிதிபட்டு இறுகிய தரைக்குள் இறங்காது. இறங்காத ஈரம் மிஞ்சுவதெப்படி? இரண்டாவது, புல் வழியாய்ப் போன ஜலம் தீவனமாய்த் திரும்பி வருகிறது. வெறுந்தரை வழியாய்ப் போன ஜலத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. புல் ஜலத்தைக் குடிக்கிறது என்று குறைகூறுவது, பயிர் ஜலத்தைக் குடிக்கிறது என்று வருந்துவதை ஒக்கும்.

ஓரளவு மேய்ந்த தரை என்று மேலே சொல்லப்பட்டது. அந்த அளவு எது என்பதைப் பற்றி வேரைக் கேட்க வேண்டும். அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கிரைடர் என்பவர் 1955-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், புல்லின் இலையைப் பல அளவாய் வெட்டி வேரின் வளர்ச்சியை நாள்தோறும் பார்த்து வந்தார். இலையில் பத்தில் நாலு பங்கு வரை வெட்டினால் வேருக்கு ஒன்றும் நேரவில்லை. பாதிக்கு மேல் போகப்போக வேர் வளர்ச்சி நிற்கத் தொடங்கிற்று. பத்தில் எட்டுப் பங்கை ஒரே முறை வெட்டியபோது, சுமார் 12 நாள் வரையில் வேர் அடியோடு வளராமல் நின்றது. மேலே இலை இல்லாதபோது செடி தன் சேமிப்பை இலைக்கே கொடுத்து வேரைப் பட்டினி போடுகிறது. புறம்போக்கில் நிற்கும் மாடு, தளிர் ஒரு விரற்கடை வந்தவுடனே மறுபடியும் கடிக்கிறது. ஆகவே அப்புல்லின் வேர் ஆண்டு முழுதும் பட்டினியாயிருந்து மேலேயே தங்கிவிடுகிறது. மேலே தங்கிய வேருக்குச் சூடேறிய மேல்மண்ணே கதி. ஒரு வார வெயிலில் அது வாடும். கொழுக்கட்டைப் புல்போல ஆழ வேரோடும் நல்ல புற்கள் முதலில் போய், நெருஞ்சியும் ஊசிப்புல்லும், மாடு தொடாத எருக்கும் கொழிஞ்சியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். கொழிஞ்சியாவது தழையெருவுக்கு உதவும், மற்றவற்றால் லாபமில்லை.

நாஞ்சில் நாட்டுக்கு இவற்றோடு காற்றும் ஒரு பங்காளி. ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கும் மேல்காற்றின் வலிமைக்கு முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வரும் அக்காற்று, கணவாயைத் தாண்டும்போது ஈரத்தை அதிகம் கொண்டுவருவதில்லை, கொண்டுபோகிறது. நாலு விரற்கடைப் புல் நிற்கும் தரையில் காற்று இலையின் மேலாகவே போகும். வெறுந்தரையில் மண்ணைத் தொட்டு உலர்த்திக்கொண்டும், மெல்லிய மண்ணை வாரிக்கொண்டும் போகும். கல்குளத்தில் செல்லும் மேய்ச்சல் முறை தோவாளையில் செல்லாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சூட்டைப் பற்றிய விவகாரம் வெளிநாடுகளிலும் நடந்திருக்கிறது. மிகுதியாய் மேய்க்கப்பட்ட தரை வெளுத்து, வெயிலைத் திருப்பி எறிந்துவிடுவதால் அவ்விடம் குளிரும், அதனால் மழையும் குறையும் என்று 1975-ம் ஆண்டில் சார்னி என்னும் வானிலை சாஸ்திரி ஆப்பிரிக்காவின் சகாரா ஓரத்து நாடுகளைக் குறித்து எழுதினார். வெறுந்தரை குளிர்வதாவது, அது சூடேறவன்றோ செய்யும் என்று வேறு சிலர் உடனே மறுத்தனர். அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தையும் மெக்ஸிகோவின் ஸொனோரா மாகாணத்தையும் பிரிக்கும் எல்லைவேலி இதற்கு நல்லதொரு சோதனைக் களமாயிற்று. வேலிக்கு இருபுறமும் மண்ணும் வானமும் ஒன்று. தெற்கே மட்டும் மேய்ச்சல் மிகுதி. 1980-ம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அங்கே அளந்து பார்த்தவர்கள், மெக்ஸிகோ பக்கத்தில் பிற்பகல் உஷ்ணம் அதிகமாயிருப்பதையும், கோடை மழைக்குப்பின் அப்பக்கத்து மண் சீக்கிரம் உலர்ந்துவிடுவதையும் கண்டனர். மழையைப் பற்றிய வாதம் எப்படியாயினும், உலர்ந்த பூமியில் வெறுந்தரை சூடேறும் என்பது வேலிக்கு இருபுறமும் தெரிந்தது.

மேய்த்துக்கொண்டே தரையைக் காப்பது எவ்வாறு என்பதை அறிய அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கொரங்காடு என்று வழங்கும் மேய்ச்சல் காடுகள் தலைமுறை தலைமுறையாய் இருந்து வருகின்றன. அங்கே மழை நாஞ்சில் நாட்டைக் காட்டிலும் குறைவு. மண்ணும் சரளை மிகுந்தது. ஒவ்வொரு குடியானவரும் தம் காட்டை முள்கிளுவை வேலியால் துண்டு துண்டாய்ப் பிரித்து வைத்திருப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல். ஒரு துண்டு மேய்ந்து தணிந்ததும் மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றுவர். மழை பெய்து புல் எழும்பும் வரையில் முந்தியதைத் தொடுவதில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை உழுது சோளம் முதலியவை விதைத்து, மறுபடியும் புல்லுக்கு விடுவர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தாரால் பேணப்பட்டுப் பேர்பெற்ற காங்கயம் மாடு இத்தகைய காடுகளில் மேய்ந்து வளர்ந்ததே. மாடுகளை விலக்கியதால் அக்காடுகள் நிலைக்கவில்லை. மாற்றி மாற்றி விட்டதால் நிலைத்தன.

கொரங்காடு தனியாருடைய சொத்து, புறம்போக்கோ எல்லோருக்கும் பொது, ஆகையால் இங்கே அது நடவாது என்று சொல்லப்படலாம். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. நாளுக்கு நாள் அக்கஷ்டம் பெருகியும் வருகிறது. ஏலாக்களில் பல வாழைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. காட்டு மேய்ச்சலுக்கு 2022-ம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த தடை, பின்னர் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்தப்பட்டதாயினும், கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தை அடுத்த மலையடிவார ஊர்களின் மாட்டுக்கு மலைப்பக்கம் கதவு அடைபட்டதாகவே கொள்ள வேண்டும். மேலே அடைத்தால் கீழே நெருக்கும். புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றிக் கிராமத்தின் பொது உபயோகத்துக்கு மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ம் ஆண்டு ஜனவரியில் சகல மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. மீட்பது வேறு, மீட்டதைப் புல்லாய் வைத்திருப்பது வேறு. எல்லைக்கல் சரியாய் நட்டு, உள்ளே புழுதி பறக்கும் மேய்ச்சல் தரையினால் எந்த மாட்டுக்கும் வயிறு நிறையாது.

வேண்டியது பெரிய காரியம் அன்று. கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் கூடி, மேய்ச்சல் தரையை ஓடை, வரப்பு, பனை வரிசை முதலிய இயற்கை அடையாளங்களால் மூன்று பங்காய் வகுத்துக்கொள்ளலாம். இடவப்பாதி மழை விழுந்த நாள் முதல் ஒரு மண்டலம் வரையில் அவற்றுள் ஒரு பங்கை அடைத்து வைத்தால் போதும். மண் நெகிழ்ந்திருக்கும் காலமும், வேர் புதிதாய் ஓடும் காலமும், விதை முளைக்கும் காலமும் அதுவே. புல் ஒரு சாண் எழும்பியபின் திறந்து, நாலு விரற்கடைக்கு வந்தவுடன் மாட்டை வெளியேற்ற வேண்டும். ஐப்பசி மழைக்கு வேறொரு பங்கு. அடுத்த ஆண்டு மூன்றாவது. மூன்றையும் ஒருமிக்க அடைப்பது கூடாது. அது நடவாது, நடந்தாலும் நியாயமன்று.

ஏனெனில் புறம்போக்கை அடைக்க வேண்டும் என்று சபையில் முதலில் கை தூக்குபவருக்கு வைக்கோற்போர் இருக்கும். ஒரு பசுவும் நாலு வெள்ளாடும் வைத்துக்கொண்டு நிலமின்றி இருப்பவளுக்கு அது இராது. அடைத்த நாற்பத்தெட்டு நாளும் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கே போவாள்? நிலமுடையோர் தம் தரிசு விளைகளையும் தோப்புகளையும் அந்த நாட்களுக்கு ஊர் மாட்டுக்குத் திறந்துவிடவோ, போரிலிருந்து வைக்கோலை நியாய விலைக்குக் கொடுக்கவோ இசையாவிட்டால், அடைப்பைப் பற்றிப் பேசாதிருப்பதே மரியாதை. வெள்ளாட்டின்மேல் பழி போடுவதும் இவ்விடத்தில் வழக்கம். வெள்ளாடு தழையையே விரும்புவது; புதரும் கன்றுமரமும் அதனால் கெடும், புல்தரை அவ்வளவு கெடாது. மாடு நாவால் சுழற்றி இழுப்பதால் மிகத் தணிந்த புல்லை அதனால் பிடிக்க முடியாது. தரையோடு நறுக்குவது செம்மறி. ஆனால் எந்தப் பிராணியாயினும், பசியோடு வெறுந்தரையில் நாள் முழுதும் நிறுத்தினால் மிதித்தே கெடுக்கும். புறம்போக்கில் நிற்கும் மாட்டில் பாதிக்கு மேல் யாருடையவை என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தபின் சபை கூடினால் பேச்சு ஒழுங்காய் நடக்கும்.

வயலில் ஆட்டுக்கிடை போடுவதை இதனோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. நெல்வயல் எப்படியும் சேறாக்கி மிதிக்கப்படும் நிலம். அங்கே குளம்பினால் நஷ்டமில்லை, எருவும் மூத்திரமும் முழு லாபம். மேய்ச்சல் தரையிலோ விழும் சாணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் ஒரு பங்கையாவது விட்டுவைத்தால் சாணிவண்டு அதை உருட்டிக் கீழே கொண்டுபோகும். அது தோண்டும் வளைகள் வழியே மழையும் இறங்கும். குடற்புழுவுக்காக இக்காலத்தில் மாட்டுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஐவர்மெக்டின் போன்ற சில, சாணத்தோடு வெளிப்பட்டு அந்த வண்டின் புழுவைக் கொல்லுகின்றன. ஆகையால் மருந்து கொடுத்த சில நாட்களுக்கு மாட்டைத் தொழுவத்திலேயே வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் சொன்னாலும் நம்பிக்கை பிறப்பது கண்ணால் கண்டபின்னரே. அதற்குச் செலவில்லாத ஒரு பரீட்சை உண்டு. அடியும் மூடியும் நீக்கிய ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களில் ஒன்றை மாடு நிற்கும் தரையிலும் மற்றொன்றை வேலிக்குள் புல்லிலும் இரண்டு விரற்கடை ஆழம் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஜலம் ஊற்றி, அது மண்ணில் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பதிக்கும்போதே ஒரு டப்பா எளிதில் இறங்குவதும், மற்றொன்றுக்குச் சுத்தியல் வேண்டியிருப்பதும் பாதி விடையைச் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்து உஷ்ணமானி ஒன்று கிடைத்தால், உச்சிப்பொழுதில் இரண்டு இடத்திலும் இரண்டங்குல ஆழத்தில் வைத்துப் பார்த்துப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதி வைக்கலாம். அடைத்த பங்கிலும் அடையாத பங்கிலும் ஆண்டுக்கொருமுறை ஒரே மாதத்தில் இதைச் செய்துவந்தால், மூன்றாம் ஆண்டில் விவாதத்துக்கு அதிகம் இடமிராது.

அடைத்த பங்குக்குக் காவல் ஒருவர் வேண்டும். பழைய நாளில் வயற்காவலுக்குக் கொடுத்ததுபோல் இதற்கும் கூலி வேண்டும். மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்காய் வைத்தால், அதிகம் மேய்ப்பவர் அதிகம் கொடுப்பார். ஒரு பசுவுக்கு மேல் இல்லாதவர்களை விலக்கிவிடலாம். இந்தத் தொகையைச் சித்திரை முடிவதற்குள் சபையில் தீர்மானிக்காவிட்டால், மழை விழுந்தபின் தீர்மானிக்க நேரம் கிடையாது. முதல் மழைக்கு மறுநாளே மாடு உள்ளே நிற்கும்.